பிரீதரில் ஆயில் தள்ளினால் பிரீதரை அடைக்காதீர்கள்

பானெட்டைத் தூக்கினால் இன்ஜினின் ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகப் பிசுக்கு ஏறியிருக்கும். இன்ஜினின் உச்சியில் மூடியாக இருக்கிற டேப்பட் கவருக்குப் பின்னால் ஆரம்பித்து, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்குப் போகிற ரப்பர் பைப்பின் அடிப்பக்கம் முழுக்க நனைந்து, அங்கிருந்து சேஸிஸில் சொட்டி, அதன் மேல் புழுதி ஒட்டி விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். சத்தியமங்கலம், கோபி, புளியம்பட்டிப் பக்கம் ஓடுகிற டீசல் பிக்கப்களில் கொஞ்சம் வயதான வண்டியாகப் பார்த்துத் திறந்தால் இதைப் பார்க்கலாம். டிரைவரைக் கேட்டால், "பிரீதர்ல ஆயில் தள்ளுதுங்க, அது அப்படித்தானுங்க இருக்கும்" என்பார். பிரீதர் என்பது இன்ஜினுக்குள் சேர்கிற வாயு வெளியே போகிற வழி. இப்படிச் சொல்லிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். பிரீதரின் ரப்பர் ஓஸைக் கழற்றி அதன் வாயில் ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, "நின்னு போச்சுங்க" என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தப்பு. இரண்டாவது, இன்ஜினையே கையில் எடுத்து உடைக்கிற வேலை.

நான் தாளவாடிக்கும் சமவெளிக்கும் நடுவில் பிக்கப் ஓட்டிப் பிழைக்கிறவன். ஏறும்போது உரம், மாட்டுத்தீவனம், சிமெண்ட். இறங்கும்போது முட்டைக்கோசு, தக்காளி, பூண்டு. பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவு. இன்ஜினுக்குள் என்ன கோளாறு இருந்தாலும் அந்த ஏற்றம் வெளியே கொண்டுவந்துவிடும். லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடக் கூட பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற வாயுவும் கூடும். அதனால்தான் சத்தி பஜாருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாத பிரீதர், மூட்டை ஏற்றி மலையில் இரண்டாவது கியரில் முக்கும்போது ஆயிலைக் கக்குகிறது.

இந்தப் பிரீதர் எதற்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். பிஸ்டனில் ரிங் இருக்கிறது, சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு உரசி அடைக்கிறது, சரி. ஆனால் புத்தம் புது இன்ஜினிலும் அந்த ரிங் முழுசாக அடைக்காது. சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். டர்போ டீசலில் எரியும் நேரத்து அழுத்தம் 100 பாருக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்தில் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டி, அடியில் ஆயில் நிற்கிற சம்ப் பக்கம் இறங்கத்தான் செய்யும். பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்போம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால், டர்போ தள்ளுவதைச் சேர்க்காமலேயே நிமிடத்துக்குச் சுமார் 2500 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு கீழே இறங்கினால்கூட நிமிடத்துக்கு 25 லிட்டர். இருபது லிட்டர் தண்ணி கேனைவிடப் பெரிய கொள்ளளவு, ஒவ்வொரு நிமிடமும், மூடின பெட்டிக்குள் வந்து சேர்கிறது. அது வெளியே போக ஒரு வழி இருந்தே ஆகவேண்டும் இல்லையா? அந்த வழிதான் பிரீதர்.

வாயு தனியாக வருவதில்லை. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டு விசிறுகிற ஆயில் பொடிப்பொடித் துளியாக அதோடு கலந்து வருகிறது. அந்த ஆயிலைப் பிரித்துத் திரும்பச் சம்புக்கே அனுப்புவதற்காக டேப்பட் கவருக்கு உள்ளேயே தகட்டுத் தடுப்போ கம்பி வலையோ வைத்திருப்பார்கள், சில வண்டியில் தனியாக ஒரு செப்பரேட்டர் டப்பா இருக்கும். பிரிந்த ஆயில் வடிய அடியில் ஒரு சின்ன ஓட்டை. பல இன்ஜின்களில் அதற்கு அப்புறம் ரப்பர் டயாப்ரம் வைத்த ஒரு வால்வு. டர்போ பக்கத்து இழுப்பு அதிகமானால் அது தானாகச் சுருக்கிக்கொள்ளும், ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிவிடாமல் தடுக்கும். கடைசியாக ஓஸ் வழியாக ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் போய்ச் சேருகிறது. பழைய வண்டிகளில் ஓஸ் நேராகத் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வந்த வண்டிகளில் அந்தப் பேச்சே இல்லை, அந்த வாயு இன்ஜினுக்குள்ளேயே திரும்பப் போய் எரியவேண்டும்.

ஆகவே டர்போ பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் மெல்லிசாக எண்ணெய்ப் பூச்சு இருப்பது கோளாறே இல்லை. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். பைப்பைச் சாய்த்தால் ஆயில் ஒழுகுகிறது, டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்ப் பைப்பில் குளம் கட்டி நிற்கிறது, லெவல் சீக்கிரம் இறங்குகிறது என்றால்தான் யோசிக்கவேண்டும்.

அடைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பங்காளி ஒருவருடைய வண்டியில் நேரிலேயே பார்த்தோம். ஓஸ் வாயில் போல்ட் வைத்து அடைத்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, வண்டியை வாங்கும்போதே இருந்திருக்கிறது. உர மூட்டையோடு திம்பம் ஏறும்போது ஆயில் லெவல் பார்க்கிற கேஜ் கம்பி தன்னாலேயே மேலே எம்பி வந்து, அந்தக் குழாய் வழியாக ஆயில் தெறித்து பானெட்டின் அடிப்பக்கம் எல்லாம் அடித்துவிட்டது. ஒரு துணியைச் சுற்றிக் கம்பியை அமுக்கி வைத்து ஓட்டினார். அப்புறம் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், அதுதான் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற பெரிய சீல், அது வழியாக ஆயில் தள்ளி கிளட்ச் பிளேட் நனைந்துபோயிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி, சீல் மாற்றி, பிளேட் மாற்றி, செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. சரியாகிவிட்டதா என்றால் இல்லை, புதுச் சீலிலும் அதே கசிவு. சீல் கம்பெனியைத் திட்டினார்கள், லேத்துக்குக் கொண்டுபோய் கிராங்க் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். கோபியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் வண்டி போன பிறகுதான் அந்தப் போல்ட் கண்ணில் பட்டது. "சீலு மேல என்ன தப்புங்க இருக்குது? உள்ளார இருக்கற காத்து எங்கதான் போகும்?" என்று கேட்டார். போல்ட்டை உருவி எறிந்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கசிவு நின்றது.

ஒரு ஆயில் சீல் என்பது சுழலும் தண்டில் ஆயில் வழியாமல் தடுக்கிற ஒரு மெல்லிய ரப்பர் உதடு, அவ்வளவுதான். அழுத்தத்தைத் தாங்கும் வேலைக்கு அதைச் செய்யவில்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் எது பலவீனமோ அது முதலில் வழிவிடும். சீலோ, டேப்பட் கவர் பேக்கிங்கோ, சம்ப் பேக்கிங்கோ, கேஜ் கம்பியோ. ஒரே சமயத்தில் இன்ஜினில் இரண்டு மூன்று இடத்தில் ஆயில் கசிந்தால் ஒவ்வொன்றாகப் பேக்கிங் மாற்றிக்கொண்டு போகாமல் முதலில் பிரீதரைப் பாருங்கள்.

இதைவிட அதிகமாக என் மனசை வருத்துவது டர்போ விஷயம். பிரீதர் அடைத்துக்கிடப்பதால் எத்தனையோ நல்ல டர்போக்கள் கழற்றி எறியப்படுகின்றன. டர்போவின் பேரிங்குக்கு இன்ஜின் ஆயில் பிரஷரில் போகிறது, ஆனால் அங்கிருந்து திரும்பிச் சம்புக்கு வருவது வெறும் சரிவில் தானாக வடிந்துதான். சம்புக்குள் அழுத்தம் ஏறி நின்றால் அந்த ஆயில் வடியாது. வடியாத ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் இரண்டு முனை வழியாகவும் தள்ளிக்கொண்டு இன்டர்கூலருக்கும் சைலன்சருக்கும் போகும். சைலன்சரில் நீலப் புகை, பைப்பில் ஆயில். பார்த்தவுடனே "டர்போ போயிருச்சுங்க" என்பார்கள். புது டர்போ மாட்டினால் அதுவும் கொஞ்ச நாளில் ஆயில் கக்கும். என் வண்டியிலும் ஒரு பட்டறையில் டர்போ மாற்றியே தீரவேண்டும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை, நேராகக் கோபியில் இருக்கிற அந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் ஏர் பைப்பைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது, அது எண்ணெய்ப் படலத்துக்காக விட்டிருக்கிற இடைவெளி, இருக்கத்தான் வேண்டும் என்றார். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கையில் தெரியவில்லை. சக்கரத்தின் இறக்கை எங்கேயும் உரசின தடம் இல்லை. "டர்போ நல்லா இருக்குது தம்பி, இதத் தொடாதீங்க." அப்புறம் டேப்பட் கவரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே வலை இருக்கவேண்டிய இடத்தில் வலையே தெரியவில்லை. கரும்பழுப்பு நிறத்தில் பசை, விரலில் எடுத்தால் நூல் இழுத்தது, நடுநடுவே நொறுங்குகிற கரி. வடிகால் ஓட்டை எங்கே என்று அவர் ஒரு சைக்கிள் கம்பியால் தேடித்தான் கண்டுபிடித்தார். டீசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் பிரஷ் போட்டுத் தேய்த்து, கம்ப்ரஷர் காற்று அடித்து, ஓட்டை வழியாகக் காற்று தாராளமாக வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். வடிகால் அடைத்தால் பிரித்த ஆயிலுக்குத் திரும்பிப்போக இடமில்லை, வாயுவோடு சேர்ந்து டர்போவுக்குத்தான் போகும். அந்தச் சின்ன ஓட்டையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் கவரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன, காசில்லாமல் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். முதலில் ஆயில் லெவல். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கம்பியை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் மேல் கோட்டுக்கும் மேலே அரை லிட்டர் "இருக்கட்டும்" என்று ஊற்றுகிற பழக்கம் ஒன்று உண்டு. மலையேறும் வண்டி, குறையாமல் இருக்கட்டும் என்கிற நல்லெண்ணம்தான். ஆனால் லெவல் கூடினால் கிராங்க் ஆயிலுக்குள்ளேயே முங்கி, மத்து போட்டுத் தயிரைக் கடைகிற மாதிரி நுரைத்துத் தள்ளிவிடும். அந்த நுரை பிரீதர் வழியாகத்தான் ஏறும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் போதும். ஊற்றாமலேயே லெவல் ஏறியிருந்தால் அது வேறு கதை. கம்பியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரோ பம்ப்போ கசிந்து டீசல் சம்பில் இறங்குகிறது என்று அர்த்தம். டிபிஎஃப் (சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கிற பில்டர்) உள்ள பிஎஸ்6 வண்டிகளில் புகைக்கரியை எரிப்பதற்காகக் கூடுதலாக டீசல் அடிப்பார்கள், அடிக்கடி அந்த வேலை பாதியில் நின்றாலும் டீசல் ஆயிலில் கலந்து லெவல் ஏறும். அந்த ஆயிலை உடனே மாற்றவேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து ஏர் பில்டர். நம் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் பஞ்சு. பொள்ளாச்சியில் நார் மில்களைச் சுற்றி மஞ்சு மாதிரி பறக்கிற நார்த்தூள். கல்குவாரி ரோட்டில் வெள்ளைப் புழுதி, கரும்புக்காட்டு வண்டித்தடத்தில் செம்புழுதி. பில்டர் அடைத்தால் டர்போ இழுக்கிற இழுப்பு முழுவதும் பிரீதர் ஓஸின் மேல் விழும், ஆயில் புகையை அது உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் நல்ல தார் ரோட்டுக்கு. நார்மில் லோடு ஓட்டுகிறவர்கள் அதில் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது. அதைவிட முக்கியம், பில்டருக்கு அப்புறம் வரும் பைப்பின் கிளாம்ப்கள். அங்கே ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் புழுதி பில்டரைத் தொடாமலேயே இன்ஜினுக்குள் போகும். ரிங்கும் லைனரும் அரம் போட்டுத் தேய்த்த கதிதான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடவேண்டிய இன்ஜின் இளம்வயதிலேயே பேக் கம்ப்ரஷன் அடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம், கிளாம்ப் விலையோ ஒரு டீ வடைக் காசு.

அப்புறம் ஒன்று, இதைப் பல மெக்கானிக்குகளே பார்ப்பதில்லை. டீசல் வண்டியில், பிரேக் மிதிக்கு பலம் கூட்டுகிற பூஸ்டருக்கு வாக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) தானாகக் கிடைக்காது, அதற்கென்று ஒரு பம்ப் இருக்கும், பல பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்திலேயே. அந்தப் பம்ப் இழுக்கிற காற்றை எங்கே விடுகிறது? ஆயிலோடு சேர்த்துச் சம்புக்குள்தான். பூஸ்டருக்குப் போகும் ஓஸில் வெடிப்பு இருந்தாலோ, பூஸ்டர் உள்ளே கிழிந்திருந்தாலோ பம்ப் ஓயாமல் வெளிக்காற்றை இழுத்து இழுத்துச் சம்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரீதரில் பார்த்தால் ரிங் போன இன்ஜின் கணக்காகக் காற்று அடிக்கும். ரிங் ஒன்றும் ஆகியிருக்காது. பிரேக் மிதி கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, பிரீதரிலும் காற்று அதிகம் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். வண்டியை நிறுத்தி வைத்து, பம்ப்பின் உறிஞ்சு வாயில் இருந்து ஓஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். பிரீதர் காற்று சட்டென்று குறைந்தால் கோளாறு வாக்குவம் லைனில். அந்த நிலையில் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தவேண்டாம், பிரேக் சரியாகப் பிடிக்காது.

சரி, ரிங்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் செய்வது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு) அதைக் கவிழ்த்து வாய் மேல் வைத்துப் பார்ப்பது. மூடி லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை, எகிறி விழுந்தால் சந்தேகம். நல்ல டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் புகை வரும், அதைப் பார்த்து மட்டும் முடிவு கட்டுவது தப்பு. கைக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அளந்து பார்க்க வழி இருக்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கிற அந்தத் தெளிவான டியூப் போதும். ஒரு நீளமான டியூபை வளைத்து "ப"வைப் போல ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஆயில் கேஜ் குழாயில் காற்றுப் போகாதபடி சொருகுங்கள். இன்னொரு முனை திறந்தே இருக்கட்டும். பலகை இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும், டியூபின் கைகள் நீளமாக இருக்கவேண்டும், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது. பிரீதர் எப்போதும் போல மாட்டியிருக்க, ஐடிலில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றாலோ, இன்ஜின் பக்கம் லேசாக மேலே இழுத்தாலோ நல்லது. திறந்த பக்கம் சாண் கணக்கில் ஏறினால் உள்ளே அழுத்தம் நிற்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்து, வாக்குவம் லைனைச் சரிபார்த்து, திரும்ப அளங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் ரிங், லைனர் பக்கம் போகவேண்டும்.

அங்கேயும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டார்ட் ஆவதற்கு சிலிண்டரைச் சூடேற்றுகிற குளோ பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். இந்த அளவு டீசல் இன்ஜின்களில் 25-இல் இருந்து 30 பார் வரைக்கும் சாதாரணம், உங்கள் இன்ஜினுக்கான குறைந்தபட்ச அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பிஸ்டனை, வால்வுகள் எல்லாம் மூடியிருக்கிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே நிறுத்தி, அதே ஓட்டையில் கம்ப்ரஷர் காற்றைக் கொடுத்துக் காது வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடிப் பக்கம் உஸ் என்றால் ரிங். ஏர் பில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் விட்டால் ஹெட் பேக்கிங். காற்றைக் கொடுக்கும்போது இன்ஜின் தன்னால் சுழல முயலும், கியரில் போட்டு வீலுக்குக் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள், ரேடியேட்டர் பேன் பக்கம் கை வைக்காதீர்கள். இவ்வளவும் பார்த்தபிறகு ரிங்தான் என்று தெரிந்தால் இன்ஜின் வேலைக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளவேண்டியதுதான். அதை ஓஸில் வித்தை காட்டித் தள்ளிப்போட முடியாது.

வித்தை என்றதும் அந்த பாட்டில் வைத்தியம். ஓஸை டர்போ பைப்பில் இருந்து கழற்றி ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்குள் விட்டுக் கம்பியால் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் நேராக ரோட்டைப் பார்த்துத் தொங்கவிடுவார்கள். டர்போ பைப்பில் கழற்றிய ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டால் புழுதி அது வழியாக உள்ளே போகும், ரிங்குக்கு முன்னால் சொன்ன அதே கதி. புகை கேபினுக்குள் ஏறித் தலைவலிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ரோட்டில் சொட்டுகிற ஆயில். திம்பத்தில் மழை பெய்து நிற்கும்போது வளைவில் ஒரு சொட்டு ஆயில் பரவினால் அடுத்து வருகிற டூவீலருக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வருகிறவர்கள் எல்லாம் டூவீலர்தான். நம் வண்டியின் கோளாறுக்கு அவர்கள் விழக்கூடாது. முறையாகச் செய்யவேண்டும் என்றால், உள்ளே தடுப்பும் வலையும் வைத்த மூடின கேட்ச் கேன் கிடைக்கிறது. பிரீதரில் இருந்து அதற்குள் போய், அதில் இருந்து திரும்ப டர்போ பைப்புக்கே வரும், ஆயில் மட்டும் கீழே தேங்கும். தேங்கியதை அவ்வப்போது எடுத்துவிடவேண்டும், நிரம்பவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். இஜிஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற அமைப்பு) உள்ள வண்டிகளுக்கு இது உண்மையிலேயே நல்லது, ஏனென்றால் ஆயில் புகையும் இஜிஆர் கரியும் சேர்ந்துதான் இன்டேக் மேனிபோல்டில் கெட்டிப்பட்டு வழியைக் குறுக்குகிறது. ஆனால் கேன் நோயைக் குணப்படுத்தாது, வெளியே வருகிற ஆயிலைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

"கொஞ்சம் ஆயில்தானே, எரிஞ்சுட்டுப் போகட்டும்" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். இன்டர்கூலரில் குளம் கட்டி நிற்கிற ஆயிலை ஒரு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது இன்ஜின் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டால், அது தானாக ரேஸ் ஆக ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, சாவி நிறுத்துவது டீசலைத்தானே, ஆயிலை இல்லையே. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை, இன்ஜின் அலறல். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, டாப் கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜினை முக்கவைத்து அணைக்கவேண்டும். ஆளும் இடமும் பத்திரமாக இருந்தால் ஏர் பில்டர் வாயைக் கெட்டிப் பலகை வைத்து அடைக்கலாம். வெறும் கையை வைக்கவே கூடாது, துணியையும் உள்ளே இழுத்துவிடும். நிறுத்த முடியவில்லை என்றால் எல்லோரும் வண்டியை விட்டு விலகி நில்லுங்கள். இன்ஜின் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஓஸ் மாற்றுகிறவர்களுக்கு: கடையில் ஆயில் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். மிச்சம் கிடக்கிற ரேடியேட்டர் ஓஸை வெட்டி மாட்டினால் அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உள்பக்கம் சுருங்கி, டர்போ இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். சொட்டுநீர்ப் பாசன டியூபைச் சொருகின வண்டிகளையும் பார்த்திருக்கிறேன், இன்ஜின் சூட்டில் அது நெளிந்து மடிந்துவிடும். ஓஸ் நடுவில் தொய்ந்து தொங்காமல் இருக்கட்டும், தொய்வில் தண்ணியும் ஆயிலும் சேர்ந்து அடைக்கும். பிரீதர் டயாப்ரம் உள்ள வண்டியில் கவரைக் கழற்றியதும் அதைக் கையில் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐடிலில் விசில் சத்தம் வந்தால் அந்தக் கிழிசலும் காரணமாக இருக்கலாம்.

வேலை முடிந்ததும் இன்ஜினின் அந்தப் பக்கத்தை டீசலும் பிரஷ்ஷும் போட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள், அடுத்த கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிரஷர் வாட்டர் அடிப்பதாக இருந்தால் ஆல்டர்னேட்டரையும் பிரீதர் வாயையும் பிளாஸ்டிக் கட்டி மூடிவிட்டு அடியுங்கள். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் இன்டர்கூலரின் கீழ்ப் பைப்பைக் கழற்றி, தேங்கினதை ஒரு டம்ளரில் பிடித்து, எவ்வளவு என்று கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வைக்கிறேன். போன தடவையைவிடக் கூடினால் திரும்ப மட்ட டியூபை எடுத்து அளப்பேன்.